நீ உதைக்க நான் பிடித்த பந்து

என் மகன் பிரிட்டோவுக்கு,

விமான நிலையத்தில் அப்பாவைக் கட்டிப்பிடித்தாய், புது மனைவி ஷீபாவைப் பார்த்துக் கண் கலங்கினாய், என்னிடம் மட்டும் "போயிட்டு வாரேம்மா" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாய். அந்த ஆட்டத் தேர்வுக்குப் போவாயா என்று நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்குமே என்ற பயம்தான். போனில் கேட்டாலும் "பாப்போம்மா" என்கிறாய். உன் "பாப்போம்" எனக்குத் தெரியாதா? பிளஸ் டூ படிக்கையில் கணக்கு டியூஷனுக்குப் போகிறாயா என்று கேட்டபோதும் இதே "பாப்போம்"தான். கடைசிவரை நீ அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் நீ நடுவில் போனை வைத்துவிட முடியாது. ஊரறிய எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. கோச்சடையில் மாவு மில்லுக்குப் போனாலும் மாதா கோயிலுக்குப் போனாலும் "உங்க பையன் அங்க என்னமோ பந்த உதைக்கிறானாமே, அது என்னா வேலை?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. எல்லாரும் இதையே படித்துக்கொள்ளட்டும்.

உன் பிழைப்பு கம்ப்யூட்டர் கம்பெனியில். அது எல்லாருக்கும் புரிகிறது. புரியாதது உன் சனிக்கிழமைகள்தான். மேல்படிப்புக்கு வெளிநாடு போன இடத்தில் பொழுதுபோகாமல் மைதானத்தில் பந்தை உதைத்துக்கொண்டிருந்தாய். நம்மூர்ப் பள்ளி மைதானத்தில் வெயில் வெறிக்க வெறிக்க ஆடிய அதே கால். அதைப் பார்த்த ஒருவர் உன்னைக் கூப்பிட்டு, பப்பாளிக்காய் மாதிரி நீண்ட ஒரு பந்தைக் கையில் கொடுத்து, இதை அந்தக் கம்பங்களுக்கு நடுவே உதைத்துக் காட்டு என்றாராம். அன்றைக்குப் பிடித்தது. அப்படித்தான் ஒரு நகரத்துக் குழுவுக்கு நீ கிக்கர், அதாவது உதைக்கிற ஆள், ஆனாய். பேர்தான் ஃபுட்பால், ஆடுவதெல்லாம் கையில்தான் என்று நான் முதலில் சிரித்தேன். ஆட்டம் முழுக்க மலை மலையாக ஆட்கள் முட்டி மோதுகிறார்கள். நீ ஓரமாக உட்கார்ந்திருக்கிறாய். கடைசியில், மற்றவர்களால் ஆகாது என்று ஆனபிறகு, உன்னை எழுப்பி அனுப்புகிறார்கள். ஒரே ஒரு உதை. அது போனால் ஊரே உன்னைத் தூக்கி ஆடுகிறது. போகாவிட்டால் முட்டி மோதிய அத்தனை பேரின் உழைப்பும் உன் கணக்கில் வீண். பெற்றவள் அதை எப்படிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது, நீயே சொல்.

உன் கல்யாணத்துக்கு நீ வந்தபோது உன் பெட்டிகளில் ஒன்று எங்கேயோ தங்கிவிட்டது. பட்டு வேட்டியும் மாமாவுக்கு வாங்கிய செண்டும் பத்திரமாக வந்தன. பயிற்சியில் பந்தை நிறுத்திவைக்கிற அந்த இரும்புக் கால் மட்டும் வரவில்லை. அது இல்லாமல் பந்து நிற்காது, ஒருவர் பிடித்தாக வேண்டும் என்றாய். ஒரு பெரிய குழுவிலிருந்து உன்னை டிரையலுக்கு, ஆள் எடுக்கிற தேர்வுக்கு, கூப்பிட்டிருந்தார்கள், அதனால் ஒருநாளும் பயிற்சியை விடக் கூடாது என்றும் சொன்னாய். அப்பாவுக்கு மூட்டுவலி. உன் கூட்டாளிகள் காலை ஒன்பது மணிக்கு முன் எழுந்தால் அது செய்தி. அப்புறம் யார் இருக்கிறார்கள்? நான் வேலை பார்க்கிற பள்ளியிலேயே தலைமை சிஸ்டரிடம் கேட்டு, முதல் மணி அடிக்கும்வரை மைதானத்தை வாங்கினேன். அப்பா பந்தல்காரரிடம் இரண்டு சவுக்குக் கம்பு வாங்கி கோல் போஸ்ட்டின் இரு பக்கமும் உயர்த்திக் கட்டினார். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்ணில் முழங்கால் போட்டேன். ஆபீஸில் ரசீது எழுதுகிற அம்மாவை அப்படிப் பார்த்து நம் வாட்ச்மேன் கையிலிருந்த டீயைச் சிந்திவிட்டார்.

"அம்மா, வலிக்கும்மா. சாக்கு விரிச்சுக்க" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. கருத்து தெரிந்த நாளிலிருந்து ஞாயிறு பூசையில் சிமெண்டுத் தரையில் முழங்கால் போட்டு வளர்ந்தவள் நான். தவக்காலத்தில் சிலுவைப்பாதை முழுக்க முழங்காலில் போனவள். என் முழங்காலுக்கு உன் மைதானம் எம்மாத்திரம்? ஆனால் விரல் விஷயத்தில் நான் தோற்றேன். பந்தின் தலையில் ஒரு விரல் மட்டும் வைக்க வேண்டும், தையல் உன் பக்கம் இருக்கக் கூடாது, நீ சாய்வாக ஓடிவந்து உதைக்கும்வரை விரல் நடுங்கக் கூடாது. முதல் நாள் நீ ஓடிவருகிற வேகத்தைப் பார்த்து நான் கண்ணை மூடிக்கொண்டேன். பந்து சிஸ்டரின் குரோட்டன்ஸ் செடியில் போய் விழுந்தது. "என்னப் பாக்காத, பந்து நிக்கிற எடத்தை மட்டும் பாரு. உதைச்ச பெறகும் தலையத் தூக்காத. தூக்கணும்னு நெனச்சாலே விரல் அசைஞ்சிரும்" என்று சொல்லிக்கொடுத்தாய். அப்படியானால் பந்து எங்கே போனது என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "சத்தத்த வச்சே தெரிஞ்சிரும்மா" என்றாய். தெரிந்துவிட்டது. சரியாகப் பட்டால் இலவம்பஞ்சு மெத்தையைத் தூக்கிப் போட்டாற்போல ஒரே 'தொம்'. தவறினால் அந்தச் சத்தத்தில் ஒரு பிசிறு. எனக்கும் உனக்கும் நடுவில் அப்படி ஒரு மாதம் ஓடியது. உன்னைப் பெற்றபிறகு அவ்வளவு நேரம் உன் காலடியையே நான் பார்த்துக்கொண்டிருந்ததில்லை.

அந்தப் பிசிறை நான் முன்பே கேட்டிருந்தேன் என்பது பிறகுதான் உறைத்தது. நீ ஊருக்கு வருவதற்கு முன் ஆடிய கடைசி ஆட்டத்தின் வீடியோவில். அதை நீ எங்களுக்கு அனுப்பவில்லை, ஷீபாவுக்கு அனுப்பினாய்; அவள் வழியாகத்தான் எனக்கு வந்தது. நிச்சயம் ஆகும் முன்பே அவளுக்கு எல்லாம் தெரிய வேண்டும் என்று நினைத்தாய் பார், அதற்காகவே உன்னை மெச்ச வேண்டும். வெற்றிக்கு ஒரே ஒரு உதை பாக்கி. தூரமும் அதிகம் இல்லை. பந்து கம்பத்துக்கு வெளியே போனது. நீ இடுப்பில் கைவைத்து நின்றாய். மறுவாரமே உன் குழு, அடுத்த வருஷம் நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டது. பெண்ணிடமிருந்து அது அவள் அப்பாவுக்குப் போய், அவர் தன் போனில் அதைப் பற்றி எதை எதையோ தேடிப் படித்துவிட்டுத்தான் நிச்சயத்துக்கு வந்திருந்தார். உன் மாமனாரைத் தப்பாகச் சொல்லவில்லை. திருநகரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிற மனிதர். எதையும் கழற்றிப் பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது.

பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தார். "சம்பந்தியம்மா, கோவிச்சுக்கக் கூடாது, ஒரு சந்தேகம். அந்தக் காலத்துல உதைக்கிறவுக பாதிக்குப் பாதி விட்டுருவாகளாம். இப்ப யாரும் அம்புட்டு லேசுல விடுறதில்லையாம்ல. எல்லாருமே துல்லியமா அடிக்கிறாகன்னா, நம்ம மாப்ள ஏன் விட்டாரு?"

நீ அடுத்த வரிசையில் இருந்தாய். உன் கை சோற்றில் அப்படியே நின்றதை நான் பார்த்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. "அண்ணே, மொதல்ல கறியச் சாப்பிடுங்க, ஆறிப்போகும். சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, பிரியாணியிலிருந்த அவித்த முட்டையை எடுத்து இலையில் நிறுத்தினேன். உச்சியில் ஒரு விரல் வைத்தேன். இன்னொரு கையின் நுனிவிரலால் சுண்டினேன். முட்டை கோணிக்கொண்டு தயிர்ப் பச்சடிக்குள் போனது. "அந்தக் காலத்துல இப்பிடித்தாண்ணே. நேரா ஓடியாந்து கால் நுனியால குத்துவாக. அதுக்குன்னே மூக்கு சப்பையா ஒரு ஷூ. நுனி பட்ட எடம் ஒரு இம்மி தள்ளிருச்சுன்னா பந்து வேற ஊருக்குப் போயிரும்." மறுபடி முட்டையை நிறுத்தி, உள்ளங்கையின் பக்கவாட்டால் சாய்வாகத் தள்ளினேன். நேராக அவர் இலைக்குப் போய்ச் சேர்ந்தது. "இப்ப இப்பிடி. உருண்டைப் பந்து ஆடி வளந்த வெளிநாட்டுப் பிள்ளைக போயி, பக்கத்துலருந்து சாஞ்சு ஓடியாந்து, மேங்காலால அடிச்சுக் காட்டுனாக. பாதத்துல அகலமான எடம் அது. மொதல்ல சிரிச்சவுக எல்லாம் பெறகு அதையே பிடிச்சுக்கிட்டாக. ஒங்க மாப்ள கோச்சடையில அடிச்ச அடியும் அதேதான்." பந்தியே சாப்பிடுவதை விட்டுவிட்டுப் பார்த்தது. உன் மாமனார் அந்த முட்டையை எடுத்து உப்புத் தொட்டுச் சாப்பிட்டார்.

கால் வைக்கிற விதம் ஒரு காரணம்தான். மற்றதையும் இரவல் அறிவாக உன்னிடமிருந்து வாங்கி அவருக்குக் கொடுத்தேன். முன்பெல்லாம் உதைப்பதற்கென்று தனி ஆள் கிடையாதாம். அதே ஆள் ஆட்டம் முழுக்க முட்டி மோதி, சேறும் ரத்தமுமாக மூச்சு வாங்கிக்கொண்டு வந்து உதைக்க வேண்டும். இப்போது உனக்கு உதைப்பது ஒன்றே வேலை. கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் எறிகிறவனுக்கு அது ஒன்றே வேலை. வாங்கி நிறுத்துகிறவனும் எறிகிறவனும் நீயும் மூன்று பேராகச் சேர்ந்து அதையே அதையே பழகுகிறீர்கள். எறிகிற பந்து எத்தனை சுற்று சுற்றி வந்தால் தையல் முன்பக்கம் திரும்பும் என்பதுவரை பழகுகிறீர்கள் என்று நீ சொன்னபோது எனக்கு மலைப்பாக இருந்தது. ஆபீஸில் நானே ரசீதும் எழுதி, டைப்பும் அடித்து, போனும் எடுத்த காலத்தில் எத்தனை பிழை விட்டேன், இப்போது ரசீது மட்டும் என்றானபின் எவ்வளவு குறைந்தது என்று எனக்குத் தெரியுமே. மைதானமும் மாறிவிட்டது. அப்போது குண்டும் குழியுமான தரை, மழை, காற்று. இப்போது பல இடங்களில் பாய் விரித்தாற்போலச் செயற்கைப் புல். சில இடங்களில் மேலே கூரையே இருக்கிறது. சின்ன வயதிலேயே உதைப்பதற்கென்று தனிப் பயிற்சி, உதைத்ததை மெதுவாக ஓட்டிப் பார்க்க வீடியோ. "நம்ம கடையிலயும் அப்பிடித்தான் சம்பந்தியம்மா. ஒரு பையனுக்கு ஒரு சாமான் ராக்கைக் குடுத்துட்டா அவன் கண்ண மூடிக்கிட்டு எடுப்பான்" என்று அவரே தலையாட்டினார். முதல் முறையாக உன் ஆட்டத்தை ஒரு வேலையாக அவர் ஒப்புக்கொண்டது அப்போதுதான்.

ஆனால் அவர் கேட்டதற்கு நான் முழுப் பதிலும் சொல்லவில்லை. கடைசிக் காரணத்தை விழுங்கிவிட்டேன். கல்யாணப் பேச்சில் அதைச் சொல்ல மனம் வரவில்லை. இப்போது சொல்கிறேன். தவறவிட்டவர்களை அங்கே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஒரு ஆள் போனால் வரிசையில் நிறையப் பேர் நிற்கிறார்கள். அப்படி அனுப்பி அனுப்பி, மிஞ்சி நிற்பவர்களை மட்டும் பார்க்கிறவர்களுக்கு எல்லாரும் குறி தப்பாதவர்களாகத் தெரிகிறது. பாதிக்குப் பாதி தவறிய காலத்தில் ஒன்று போனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாரும் அடிக்கிற காலத்தில் ஒன்று தவறினால் கொலைக்குற்றம். உங்கள் திறமை கூடக் கூட உங்களுக்கு மன்னிப்பு குறைந்துகொண்டே வந்திருக்கிறது. இது நியாயமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் இன்னொன்றையும் நீதான் சொன்னாய். இன்று பெரிய குழுக்களில் நிற்கிறவர்களில் எத்தனையோ பேர், ஏதோ ஒரு குழு வேண்டாம் என்று அனுப்பிவைத்தவர்கள்தானாம். வேறொரு வாசலில் போய் மறுபடியும் உதைத்துக் காட்டியவர்கள். இதைச் சொன்னபோது உன் குரலில் ஒரு தெம்பு இருந்தது. அந்தத் தெம்பு கல்யாணத்துக்கு முந்தைய நாள்வரை இருந்தது.

அன்றைக்குத்தான் முத்துப்பாண்டியின் ஃபிளெக்ஸ் வந்தது. உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன், ஆரப்பாளையத்தில் ஃபிளெக்ஸ் கடை போட்டிருக்கிறான். மதுரையில் காதுகுத்துக்கே தெருவை அடைக்கிறார்கள், நண்பன் கல்யாணத்துக்கு அவன் சும்மா இருப்பானா? மண்டப வாசலில் மாடி உயரத்துக்கு நீ. ஹெல்மெட், பட்டை பட்டையாகச் சட்டை, வானத்துக்குத் தூக்கிய கால். கால் நுனியில் உருண்டையாக ஒரு பந்து! நான் பதறிப்போய், "டேய், பந்து எப்பிடிடா உருண்டையாச்சு?" என்றேன். "ஆமாம்மா, போட்டோவுல நசுங்கிப்போயி இருந்துச்சு. கல்யாண வீட்டுல காத்துப்போன பந்தைப் போட்டா நல்லாவா இருக்கும்? ரெண்டு மணி நேரம் ஒக்காந்து நாந்தான் சரி பண்ணேன்" என்றான் பெருமையாக. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உன் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நீ சிரிக்கவில்லை. நீ பந்தைப் பார்க்கவே இல்லை. மேலே கொட்டை எழுத்தில் எழுதியிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாய். 'குறி தப்பாத எங்கள் மாப்ள'.

அவனுக்கு அந்த வீடியோ பற்றி எதுவும் தெரியாது. பாசத்தில் எழுதியது. நீ என்னைத் தனியாக மண்டபத்துச் சமையல்கட்டுப் பக்கம் கூட்டிப்போய், "அம்மா, அத எறக்கச் சொல்லு. நான் டிரையலுக்குப் போகல. வேலை இருக்கு, அது போதும். இன்னொரு தடவ எல்லாரும் பாக்க நின்னு விட என்னால முடியாதும்மா" என்றாய். உன் கண் கலங்கியிருந்தது. ஃபிளெக்ஸை நான் இறக்கச் சொல்லவில்லை. இறக்கினால் முத்துப்பாண்டியின் முகம் என்ன ஆகும்? மறுநாள் பூசையில் மோதிரம் மாற்றுகையில் நீ சிரித்தாய். ஆனால் பயிற்சிக்கு நீ மறுபடி வரவில்லை. சவுக்குக் கம்பு இரண்டும் மைதானத்தில் சும்மா நின்றன.

மறுவீட்டுக்கு அழைக்க உன் மாமனார் வந்த காலையை நீ மறந்திருக்க மாட்டாய். காபி குடித்து முடித்ததும் ஷீபாதான், "அத்தை, நீங்க முட்டைய வச்சுச் சொன்னீகளாமே, நெசமாவே ஒருக்கா பாக்கணும்" என்றாள். புதுப்பெண் கேட்டால் நீ மறுப்பாயா? நாம் எல்லாரும் பள்ளிக்குப் போனோம். விடுமுறை நாள், மைதானத்தில் மைனாக்கள் தவிர யாரும் இல்லை. நான் முழங்கால் போடப் போனேன். அவள் என் தோளைத் தொட்டு, "நீங்க எந்திரிங்க அத்தை, நான் பிடிக்கிறேன்" என்று புதுச் சுடிதாரோடு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். விரல் எங்கே, தையல் எங்கே என்று சொல்லிவிட்டு நான் தள்ளி நின்றேன்.

நீ முதலில் உதைத்தது வெளியே போனது. சத்தத்திலேயே எனக்குத் தெரிந்தது, உன் முகம் செத்துப்போனதும் தெரிந்தது. அப்போது பார், உன் மாமனார் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். சுவரோரம் முள்ளுக்குள் கிடந்த பந்தைத் தேடி எடுத்து, வேட்டி முனையால் மண்ணைத் துடைத்து, ஷீபா கையில் கொடுத்தார். "மாப்ள, இன்னொன்னு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஷீபா தலையைத் தூக்கவே இல்லை. முதல் பந்து எங்கே போனது என்றுகூட அவள் பார்த்திருக்கவில்லை. பந்து நிற்க வேண்டிய இடத்தையே பார்த்துக்கொண்டு அடுத்ததை நிறுத்தினாள். நீ அவளைப் பார்த்தாய். பின்னால் நகர்ந்தாய், ஓடிவந்தாய். அந்தத் 'தொம்' சத்தத்துக்கு மைனாக்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன. பந்து இரண்டு கம்பத்துக்கும் நடுவே, நட்டநடுவே போனது. உனக்குப் பந்தைப் பிடித்துக்கொடுத்த இத்தனை நாளில், உள்ளே போனதை நான் கண்ணால் பார்த்த முதல் உதை அதுதானடா. பந்து அவ்வளவு உயரம் போகும் என்று எனக்குத் தெரியாது. பெற்ற வயிறு குளிர்ந்தது. அழுதேன். காற்றில் தூசி என்று உன் அப்பாவிடம் பொய் சொன்னேன்.

பிரிட்டோ, உன்னைத் தேர்வுக்குக் கூப்பிட்டவர்கள் அந்தக் கடைசி உதையைப் பார்க்காமலா கூப்பிட்டிருப்பார்கள்? நீ நினைப்பதுபோல அது அவர்களிடமிருந்து மறைந்து கிடக்கவில்லை. பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு உதை தவறியவன் என்று தெரிந்தும் கூப்பிடுகிறார்கள் என்றால், மற்ற உதைகளையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நீதான் ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறாய். போய் நில். அவர்கள் எடுத்துக்கொள்ளலாம், எடுக்காமலும் போகலாம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் பெருமை அந்த இரண்டு கம்பங்களுக்கு நடுவே மட்டும் இருப்பதாக நினைத்தாயா? தவறியதை மறைக்காமல் கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கு அனுப்பினாயே, அன்றைக்கே எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. முள்ளிலிருந்து பந்து வந்ததும் மறுபடி பின்னால் நகர்ந்து நின்றாயே, அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

முத்துப்பாண்டியின் ஃபிளெக்ஸ் வீணாகவில்லை. அப்பா அதை வண்டிக்கு மேல் மூடியிருக்கிறார். மழைக்கும் வெயிலுக்கும் நீ உருண்டைப் பந்தோடு காலைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலில்தான் நிற்கிறாய். அந்த வாசகம் உள்பக்கம் மடிந்துவிட்டது, கவலைப்படாதே. விசா வரும்வரை ஷீபா வாரத்தில் பாதி நாள் இங்கேதான் இருக்கிறாள். உன் தேர்வு நடக்கிற நேரம் இங்கே விடிந்துகொண்டிருக்கும் என்று அவள் பார்த்துச் சொன்னாள். நேரலை இருந்தால் பார்க்கலாமா அத்தை என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்நேரம் நாங்கள் இரண்டு பேரும் மாதா கோயிலில் முழங்காலில் இருப்போம். பார்க்கிறவர்கள் செபம் சொல்கிறோம் என்று நினைத்துக்கொள்ளட்டும். நாங்கள் தலையைத் தூக்காமல் பந்தைப் பிடித்துக்கொண்டிருப்போம். நீ ஓடி வா.

உன் அம்மா